பழைய ஜீப்பில் மேட் பெயிண்ட்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் இருப்பது சிஜே-3பி வகை ஜீப். 1953இல் அறிமுகமான இந்த வகையில், முந்தையதைவிட உயரமான ஹரிகேன் எஞ்சினுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே பானெட்டை உயர்த்தி வடிவமைத்தார்கள். அதனால் பானெட்டின் மேலும் பக்கங்களிலும் பெரிய தட்டையான தகடுகள் இருக்கின்றன. பெயிண்டில் நேரும் சிறு பிழையும் அங்கே மறையாது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இந்த வண்டி முழுவதற்கும் ஆலிவ் பச்சையில் மேட் பெயிண்ட், அதாவது பளபளப்பற்ற பெயிண்ட், அடித்தேன். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளுக்கு, வெயிலில் மினுங்கி எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் பளபளப்பற்ற பச்சையே அடிக்கப்பட்டது. என் வண்டி பொதுமக்கள் பயன்பாட்டுக்காகத் தயாரானது என்பதால் இது அதன் மூல நிறம் அன்று; அந்தத் தோற்றத்தின் மீது எனக்கு இருந்த நெடுநாள் ஆசையே காரணம்.

நிறத்தின் மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற பூச்சான மேட் கிளியர் கோட்டில் சிலிக்கா போன்ற நுண்துகள்கள் கலந்திருக்கும். பூச்சு காய்ந்து சுருங்கும்போது இத்துகள்கள் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் மேடுபள்ளமாக்கிவிடுகின்றன; விழும் ஒளி ஒரே திசையில் திரும்பாமல் சிதறுவதால் பளபளப்பு தெரிவதில்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை யாவும் தாமாகவே விளங்கும். பளபளப்பான பெயிண்டில் தூசி விழுந்தாலும், வழிந்தாலும், ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளியிட்டாலும், காய்ந்த பிறகு நீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டுச் சரிசெய்துவிடலாம். மேட் பூச்சில் தேய்த்த இடம் வழவழப்பாகி மினுங்கத் தொடங்கிவிடும். ஆகவே கடைசிப் பூச்சு ஸ்பிரே கன்னிலிருந்து எப்படி விழுகிறதோ அதுவே இறுதித் தோற்றம்.

எனக்கு அதிகக் காலம் பிடித்தது அடித்தள வேலைதான். வண்டியில் பல காலங்களில் அடித்த பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. பழைய பூச்சு புதிய பெயிண்டின் தின்னரைத் தாங்குமா என்று பார்க்க மட்கார்டின் உட்புறத்தில் சிறிது தடவினேன். சில நிமிடங்களில் அது சுருங்கி எழும்பியது. அதன் பிறகு தகடு தெரியும்வரை முழுவதையும் சுரண்டி எடுக்கத் தயங்கவில்லை. வெற்றுத் தகட்டுக்கு எபாக்ஸி பிரைமர், டிங்கர் வேலை முடிந்த பள்ளங்களுக்கு மெல்லிய பட்டி, பட்டியை மட்டம் செய்ய 80, 180 எண் உப்புத்தாள்கள், அதன்மேல் கனமான நிரப்புப் பிரைமர் என்று வேலை நகர்ந்தது. நிரப்புப் பிரைமர் மீது கறுப்புப் பொடியை லேசாகத் தூவி, நீளமான கட்டையில் 320 எண் தாளைச் சுற்றித் தேய்த்தபோது, பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கி அவற்றைக் காட்டிக்கொடுத்தது. கையால் தடவியபோது மட்டமாகத் தோன்றிய பானெட்டில் உள்ளங்கையளவு பள்ளங்கள் மூன்று இருந்ததை அப்போதுதான் கண்டேன். இறுதியாக 600 எண் தாளால் நீர் விட்டுத் தேய்த்தேன்.

மேட் பெயிண்ட் குறைகளை மறைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தகட்டின் மென்மையான அலைகள் பளபளப்பில் தெரியும் அளவுக்கு இதில் தெரிவதில்லை என்பது உண்மையே. ஆனால் முரட்டுத் தாள் விட்ட கீறலும் பட்டியின் விளிம்பும், பக்கவாட்டில் வெளிச்சம் படும்போது அப்படியே மேலே தெரிகின்றன. அவற்றை மறைக்கத் தடிமனாக அடிக்கவும் முடியாது, ஏனெனில் பூச்சின் தடிமன் மாறினால் அதன் மங்கலின் அளவும் மாறிவிடும்.

இந்தக் கடைசி உண்மையைப் பானெட்டில்தான் கற்றேன். கிளியரின் முதல் பூச்சில் ஈரப் பளபளப்பு முழுவதும் அடங்குவதற்கு முன்பே இரண்டாம் பூச்சை அடித்துவிட்டேன். மறுநாள் பார்த்தபோது, ஸ்பிரே கன் சென்ற தடங்கள் அடர்ந்தும் வெளிறியும் பட்டை பட்டையாகத் தெரிந்தன. வேறொரு தவறும் சேர்ந்திருந்தது: பூச்சை மங்கலாக்கும் துகள்கள் டப்பாவின் அடியில் படிந்துவிடும் என்பதை மறந்து, மேலாகக் கலக்கி ஊற்றியிருந்தேன். பானெட்டை மீண்டும் 600 எண் தாளால் தேய்த்து முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை டப்பாவின் அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கலக்கி, வண்டிக்குத் தேவையான கிளியர் முழுவதையும் ஒரே வாளியில் ஒன்றாக்கி, அதை இறுகவைக்கும் ஹார்டனரை மட்டும் அவ்வப்போது தேவையான அளவுக்குச் சேர்த்து வடிகட்டினேன். 1.3 மில்லிமீட்டர் முனை கொண்ட ஸ்பிரே கன்னால் ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தைப் பாதிக்கு மேல் மூடும்படி அடித்தேன். முதல் பூச்சு சீராக மங்கும்வரை காத்திருந்து, இரண்டாவதை அதற்குக் குறுக்குத் திசையில் அடித்தேன். பட்டைகள் வரவில்லை.

இவ்வகைக் கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரக்கூடும். வெளியிலிருந்து தூய காற்று வரும் முகமூடி இல்லாதவர்கள் இந்த வேலையை முறையான பெயிண்ட் அறை உள்ளவரிடம் ஒப்படைப்பதே சரி.

தரையை நனைத்தும், தூசியை ஒட்டி எடுக்கும் பிசுபிசுப்பான துணியால் துடைத்தும், முன்கண்ணாடிச் சட்டத்தின் கீலுக்கு அருகில் ஒரு நூலிழை விழுந்துவிட்டது. அரை அங்குலம் இருக்கும். அதை எடுக்கத் தேய்த்திருந்தால் நாணயமளவுக்கு ஒரு மினுக்கம் நிரந்தரமாகியிருக்கும். அப்படியே விட்டேன், இன்றும் இருக்கிறது.

நான்கு ஆண்டுகளாகப் பராமரிப்பு எளிதாகவே இருக்கிறது, பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர. மெழுகு, பாலிஷ், பளபளப்பூட்டும் ஷாம்பூ எதையும் தொடுவதில்லை. சுழலும் தூரிகைகள் உள்ள தானியங்கி நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுசெல்வதில்லை. சேற்றை முதலில் நீரால் ஊறவைத்து ஓடவிட்டு, காரமும் அமிலமும் இல்லாத ஷாம்பூவில் நனைத்த மென்துணியை அழுத்தாமல் இழுத்து, இறுதியில் ஒற்றி எடுக்கிறேன். பறவை எச்சத்தின் மீது ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துத் தூக்கி எடுப்பேன். ஒருமுறை வெயிலில் இரண்டு நாள் காய்ந்துவிட்ட எச்சம் பானெட்டில் விட்ட வெளிறிய வட்டம் இன்னும் போகவில்லை.

உரசல்தான் இந்தப் பூச்சின் உண்மையான பகை. ஓட்டுநர் இருக்கைக்கு ஏறும் இடத்தில், கால்சட்டை தினமும் உரசும் உடற்தகட்டின் விளிம்பு, இரண்டாம் ஆண்டு முடிவில் சாணை பிடித்ததுபோல் மினுங்கத் தொடங்கியது. கதவில்லாத வண்டியில் இதைத் தவிர்க்க வழி தெரியவில்லை. தொடக்கத்திலேயே அந்த விளிம்புக்கு மேட் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு வலது முன் மட்கார்டில் ஒரு கம்பி ஆழமாகக் கீறியது. மேட் பூச்சில் ஓரிடத்தை மட்டும் அடித்து விளிம்பைக் கலக்கவிட முடியாது என்பதால் மட்கார்டு முழுவதையும் கழற்றி அடிக்க நேர்ந்தது. முதல் முறை அடித்தபோது, எத்தனை பூச்சு, என்ன காற்றழுத்தம், எவ்வளவு இடைவெளி என்ற குறிப்புகளைப் பின்புறம் எழுதிய மாதிரித் தகடு ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதன் பக்கத்தில் புதிய மாதிரிகளை அடித்து ஒப்பிட்டு, மூன்றாவது மாதிரி பொருந்திய பிறகே மட்கார்டைத் தொட்டேன். இப்போது மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும், பானெட்டைவிட அந்த மட்கார்டின் நிறம் சற்று அடர்த்தியாகத் தெரிகிறது.