பழைய வீட்டுக் கார் ஷெட்டில் லிஃப்ட்: அட்வான்ஸ் கொடுக்குமுன் தரையைத் துளைத்துப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டுக் கார் ஷெட்டில், காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் போடலாம் என்று விலை விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டீலருக்கு ஒரு ரூபாய் அனுப்புவதற்கு முன்னால், லிஃப்ட் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் ஹேமர் டிரில்லை வைத்து அரையடி ஆழத்துக்கு ஒரு துளை போடுங்கள். வெளியே வரும் பொடியைப் பாருங்கள். கடைசிவரை சாம்பல் நிறமாகவே வந்தால் மேற்கொண்டு பேசலாம். ஓர் அங்குலம் சாம்பல், அதற்கப்புறம் செங்கல் சிவப்பு, நடுநடுவே வெள்ளை என்று வந்தால் உங்கள் தரை கான்கிரீட் இல்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசு கட்டையால் இடித்து, பிற்காலத்தில் மேலே சிமெண்ட் பூசிய தரை. அதில் டூ போஸ்ட் (இரண்டு தூண்) லிஃப்ட் நிற்காது. நிற்கும் என்று எனக்கு ஒருவர் அடித்துச் சொன்னார். வாட்ஸ்அப்பில் எழுதியும் கொடுத்தார்.

எங்கள் ஷெட் பின்தெருவைப் பார்த்தது. வில்வண்டிக்குக் கட்டி, பிறகு காருக்கு மாறியது. ஓட்டுக் கூரை, குறுக்கே தேக்கு உத்திரம். உள்ளே ஐயா காலத்து அம்பாசிடர், ஒரு பிரீமியர் பத்மினி, தினமும் ஓட்டும் இன்னோவா கிரிஸ்டா. பழைய வண்டிகளின் வேலையை நானும் மெக்கானிக் அண்ணனும் வீட்டிலேயே பார்ப்போம். ஜாக்கியும் ஸ்டாண்டும் வைத்துப் படுத்துக்கொண்டே கியர்பாக்ஸ் இறக்குகிற வயது இரண்டு பேருக்கும் இல்லை. அதனால்தான் லிஃப்ட்.

முதலில் வந்த டீலர் தரையைப் பார்த்ததும், "இதை வெட்டி எடுத்துட்டுக் கம்பி கட்டி கான்கிரீட் போடணும், இல்லேன்னா நான் மாட்டித் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இங்கேதான் செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய சிக்கல் வருகிறது. வீடு பங்காளிகளுக்குப் பொது. ஒரு சுவரில் ஆணி அடிக்கக்கூட சென்னையில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர் என்று எல்லாரிடமும் கேட்கவேண்டும். தரையை வெட்டுவதென்றால் கேட்கவே வேண்டாம். இரண்டாவதாக வந்தவர் இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டார். "தரையை உடைக்கவே வேண்டாம் சார். நம்ம ஆங்கர் போல்ட் எந்தத் தரையிலயும் பிடிக்கும். இந்தப் பக்கம் நெறய பெரிய வீட்டுல போட்டிருக்கேன்." எந்த வீடு என்று கேட்டதற்குப் போட்டோ மட்டும் காட்டினார். அந்தப் போட்டோவில் இருந்தது வழவழவென்று எபாக்ஸி பூசிய சர்வீஸ் சென்டர் தரை. "இது வீடு மாதிரி தெரியலையே" என்றேன். "இதே மாடல்தான் சார்" என்று பதில் வந்தது.

ஒரு விஷயத்தை இங்கே விளக்கிவிடுகிறேன், டீலர்கள் இதைச் சொல்வதில்லை. டூ போஸ்ட் லிஃப்டில் கார் இரண்டு தூண்களுக்கும் நடுவே, நான்கு கைகளின் நுனியில் தொங்குகிறது. அதனால் எடை தூணை நேராகக் கீழே அழுத்துவதோடு நிற்காமல் உள்பக்கமாகச் சாய்க்கவும் பார்க்கும். அந்தச் சாய்வை இழுத்துப் பிடிப்பது தூணின் வெளிப்பக்க போல்ட்கள்தான். அதாவது காரின் கீழே நீங்கள் நிற்கும்போது உங்கள் தலைக்கு உத்தரவாதம் நாலைந்து போல்ட், அந்த போல்ட்டுக்கு உத்தரவாதம் அது கடித்துக்கொண்டிருக்கும் கான்கிரீட். ஆங்கர் போல்ட்டின் அடி இறுக்கும்போது விரிந்து கான்கிரீட்டைக் கடிக்கும். கடினமான பொருள் இருந்தால்தான் கடிக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் விரிசல் விட்டுப் பொடியாகிவிடும். குறைந்தபட்சம் 4 அங்குலக் கனம், விரிசல் இல்லாத கான்கிரீட் என்றுதான் பெரும்பாலான கம்பெனிகளின் கையேட்டில் இருக்கும், சில மாடல்களுக்கு 6 அங்குலம் கேட்பார்கள். புதிதாகப் போட்டால் 28 நாள் க்யூரிங் ஆனபிறகே போல்ட் அடிக்கவேண்டும். முகப்பு வாசலில் ஆத்தங்குடிக் கல் பதித்த இடத்தில் லிஃப்ட் வைக்கலாமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். கல்லின் கனம் இந்தக் கணக்கில் சேராது. கல்லும் உடையும், போல்ட்டும் பிடிக்காது.

கடைசியில் அந்த இரண்டாவது டீலரிடமே வாங்கினோம். விலை ₹1,65,000, ஜிஎஸ்டி தனி. 4 டன் தூக்கும், சிங்கிள் பேஸ் கரண்டில் ஓடும். பாதிக்கு மேல் அட்வான்ஸ், சாமான் இறங்கியதும் மீதி என்று பேச்சு. உயரம் அளக்க வந்தவர் லேசர் கருவியை ஷெட்டின் நடுவில் வைத்து ஓட்டின் முகடுவரை அளந்துவிட்டு "பதினாலு அடி, தாராளம்" என்று எழுதிக்கொண்டார். உத்திரம் பத்தரை அடியில் குறுக்கே போகிறது. காரின் கூரை முட்டப்போவது முகட்டில் அல்ல, உத்திரத்தில்தான். நாங்கள் சொன்னபிறகுதான் மேலே குறுக்குச்சட்டம் வருகிற மாடலை விட்டுவிட்டு, தரையில் தகடு போகிற மாடலுக்கு மாறினார். அப்போதும் பத்தரை அடியில் கிரிஸ்டா எவ்வளவு ஏறும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. கிரிஸ்டாவின் உயரம் 1.8 மீட்டர், ஏறக்குறைய ஆறடி. மீதி நாலரை அடிதான். அதற்குமேல் ஏற்றினால் உத்திரத்தில் முட்டும். அதன்கீழே குனிந்துதான் வேலை பார்க்கமுடியும்.

மாட்டுவதற்கு இரண்டு பையன்கள் வந்தார்கள். பாவம், அவர்கள்மேல் குற்றமில்லை, சொன்னதைச் செய்கிறவர்கள். முதல் துளையிலேயே சிவப்புப் பொடி குங்குமம் மாதிரி குவிந்தது. பெரிய பையன் நிறுத்திவிட்டு யாருக்கோ போன் செய்தான். பேசி முடித்ததும் மறுபடி டிரில்லை எடுத்தான். போல்ட்டை இறக்கி இறுக்கினால் நட்டு இறுகாமல் போல்ட்டே சேர்ந்து சுற்றுகிறது, சுற்றச் சுற்ற மேலே ஏறி வருகிறது. போல்ட்டை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் எங்கே என்றேன். அவர்களிடம் இருந்தது ஒரு ஸ்பானரும் அதில் செருகிய பைப்பும்தான். கடைசியில் பிடிக்காத துளைகளில் சிமெண்ட் பால் ஊற்றி, போல்ட்டை நட்டு வைத்துவிட்டு, "காலைல இறுகிடும் சார்" என்றார்கள். ஷெட் தரை தண்ணீர் வடிவதற்காகத் தெருப்பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவைச் சமன்செய்யத் தூணின் அடித்தகட்டுக்குக் கீழே இரும்புத் தகடு கொடுக்கவேண்டும். இவர்கள் வெளியே கிடந்த ஓட்டுச் சில்லை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். நான் குனிந்து விரலால் தள்ளியபோது அது வெளியே வந்துவிட்டது.

மறுநாள் டெஸ்ட். இருப்பதில் எடை குறைந்த பத்மினியைத்தான் ஏற்றினோம். சக்கரம் தரையைவிட்டு இரண்டடி எழும்பியது. மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்க்கவில்லை, இடதுபக்கத் தூணின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துத் தகட்டுக்கும் தரைக்கும் நடுவே வெளிப்பக்கமாகச் செருகினார். வழியில் எதுவும் தடுக்காமல் முழுக் கார்டும் உள்ளே போய்விட்டது. "எறக்குங்க தம்பி, யாரும் கிட்ட வராதீங்க" என்றார். இறக்கினோம். தகடு திரும்பத் தரையில் உட்கார்ந்தது. கிரிஸ்டாவை, அதுவும் முன்பக்கம் எஞ்சின் கனக்கிற டீசல் வண்டியை, நாலடிக்கு ஏற்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் எழுதவேண்டியதில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. லாக். வண்டியை ஏற்றியபின் கொஞ்சம் கீழே இறக்கி, இரண்டு தூணிலும் இரும்பு லாக்கில் எடையை உட்காரவைத்தபிறகுதான் கீழே போகவேண்டும். ஆயில் அழுத்தத்தை நம்பி யாரும் காரின் கீழே நிற்கக்கூடாது, ஒரு சீல் போனால் போதும். ஏறும்போது இரண்டு பக்கமும் ஒரேநேரத்தில் டக், டக் என்று கேட்கவேண்டும். எங்களுடையதில் வலதுபக்கம் மட்டும்தான் கேட்டது. இடதுபக்க லாக்கை விடுவிக்கும் கேபிள் அளவுக்குமேல் விறைப்பாக இழுத்துக் கிடந்தது. தூணில் ஒட்டியிருந்த 4 டன் ஸ்டிக்கரின் ஓரம் வெயிலில் சுருண்டிருந்தது. உரித்துப் பார்த்தால் கீழே இன்னொரு ஸ்டிக்கர், அதில் 3.5 டன். உங்கள் லிஃப்டில் எடை அளவு ஸ்டிக்கரில் மட்டும் இருக்கிறதா, தகட்டில் பொறித்து ரிவிட் அடித்திருக்கிறதா, அதில் சீரியல் நம்பர் இருக்கிறதா, பில்லில் இருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

டீலருக்குப் போன் செய்தேன். "தரை உங்க பொறுப்பு சார், பில்லுக்குப் பின்னால பாருங்க" என்றார். பின்னால் எறும்பு சைஸ் ஆங்கில எழுத்தில் அஸ்திவாரம் வாடிக்கையாளர் பொறுப்பு என்று இருந்தது. பில் கைக்கு வந்தது மாட்டி முடித்தபிறகு. வாரண்டி மோட்டாருக்கு மட்டுமாம். "தரையை உடைத்துக் கான்கிரீட் போடுங்க, திரும்ப வந்து மாட்டறேன், மாட்டுக்கூலி தனி" என்றார். உடைக்கவேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காக அவரிடம் வாங்கியவனிடம் அதே ஆள் சொல்கிற பேச்சு இது.

அந்த வாட்ஸ்அப் செய்தி இல்லையென்றால் நான் ஒன்றும் செய்திருக்கமுடியாது. ஷெட் தரையின் போட்டோவை அனுப்பி, "பழைய சுண்ணாம்புத் தரை, போல்ட் பிடிக்குமா?" என்று கேட்டிருந்தேன். "100% பிடிக்கும் சார், நான் கேரண்டி" என்று பதில் இருந்தது. இதையும், ஸ்டிக்கர் போட்டோவையும், விசிட்டிங் கார்டு வீடியோவையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, வக்கீல் நோட்டீஸும் அனுப்பினேன். நோட்டீஸ் போன பிறகு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு பகுதிப் பணத்தைத் திருப்பினார். லாரி வாடகை, கூலி, "தேய்மானம்" என்று சொல்லிப் பிடித்துக்கொண்ட மீதிக்காக சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும், அவ்வளவுதான்.

லிஃப்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கிற வண்டியை மேலே நிறுத்தி, கீழே தினசரி வண்டியை விடத்தான் உங்களுக்கு லிஃப்ட் என்றால் ஃபோர் போஸ்ட் (நான்கு தூண்) பாருங்கள். அதில் கார் தன் சக்கரத்திலேயே நிற்கும், எடை நான்கு காலுக்கும் பிரிந்து நேராக இறங்கும், போல்ட்டை இழுக்கிற வேலை மிகக் குறைவு. சக்கரத்தைக் கழற்ற மட்டும் தனியாக ஒரு ஜாக் வேண்டியிருக்கும். ஆனால் உயரம் நிறைய வேண்டும். ஒரு அம்பாசிடரின் மேல் இன்னொரு அம்பாசிடர் என்றால் இரண்டும் சேர்ந்தே மூன்றேகால் மீட்டரை நெருங்கும், நடுவில் சக்கரம் நிற்கும் ஓடுபாதையின் கனம் வேறு. எங்கள் உத்திரத்துக்கு அது ஆகாது. ஜல்லித் தரையில் கால் புதையாமலிருக்க அடியில் பெரிய தகடு போடவேண்டுமா என்பதையும் ஒரு சிவில் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், டீலரிடம் கேட்காதீர்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அம்பாசிடருக்குத் தனி சேஸி கிடையாது, பாடியும் சேஸியும் ஒன்றாகவே அமைந்த வண்டி. டூ போஸ்டின் கை தாங்குவது கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புப் பகுதியை. பூட்டிக் கிடந்த ஷெட்டில் வருடக்கணக்கில் நின்ற வண்டிக்கு முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். பெயிண்ட் பளபளப்பை நம்பாமல் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டியை எந்த டூ போஸ்டிலும் ஏற்றக்கூடாது, தகரவேலை முடியட்டும்.

நாங்கள் இப்போது பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். இரண்டு தூணுக்கும் அடியில் சேர்த்து ஒரே பலகையாகக் கம்பி கட்டி எம்25 தரக் கான்கிரீட் போடுவதாகத் திட்டம். மாட்டித் தர மறுத்துப் போனாரே முதல் டீலர், அவரிடம்தான் லிஃப்ட். அவருடைய கொட்டேஷனில் தரையின் கனம், போல்ட் அளவு, உத்திரத்துக்குக் கீழே கிடைக்கும் உயரம் எல்லாம் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னுடைய வண்டிகளில் கனமானதை உத்திரம் இடம்கொடுக்கும் உயரம்வரை ஏற்றி, லாக்கில் ஓர் இரவு நிறுத்தி, மறுநாள் போல்ட்டை மறுபடி இறுக்கிக் காட்டிய பிறகே கடைசித் தவணை. அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்த இரண்டாவது டீலர் சும்மா இல்லை. அதே எபாக்ஸி தரைப் போட்டோவோடு புதுவயல் பக்கம் ஒரு வீட்டுக்குக் கொட்டேஷன் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொல்லிக் காபி கொடுங்கள். அவர் கண்முன்னாலேயே தரையில் ஒரு துளை போட்டு, வருகிற பொடியைக் காட்டி, இதில் போல்ட் பிடிக்கும் என்று எழுதித் தருவாரா என்று கேளுங்கள்.