லண்டனா, ஹைடல்பெர்க்கா: கோடைப் படிப்புக்கான ஆயத்தக் கணக்கு

சித்திரையும் வைகாசியும் நமக்குக் கோடை. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கோடையோ ஆனியில் தொடங்கி ஆவணி வரை நீள்வது. அங்கே கோடைக்காலப் படிப்பு தொடங்கும் வேளையில் இங்கே விடுமுறை முடிந்து, அடுத்த பருவத்துக்கான வருகைப் பதிவேடு திறக்கப்பட்டிருக்கும். கல்லூரியில் வெளிநாட்டுப் படிப்பு தொடர்பான ஆலோசனைப் பொறுப்பைச் சில ஆண்டுகள் கவனித்த அனுபவத்தில் சொல்கிறேன்: எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் அதிகம் என்று கேட்டு வருபவர்களே மிகுதி, எந்த ஆயத்தம் தம்மால் முடியும், பயணம் கைகூடாமல் போனாலும் அதில் எது மிஞ்சும் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை வைத்தே நம் மாணவர்கள் எடைபோடும் இரண்டு வாய்ப்புகளை இங்கே ஒப்பிடுகிறேன். ஒன்று, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 1989 முதல் நடத்திவரும் கோடைப் பள்ளி. மற்றொன்று, 1386-இல் நிறுவப்பட்ட ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் ஆகஸ்ட் மாதத்தில் நடத்தும் ஜெர்மன் மொழிக் கோடைப் படிப்பு.

நாட்காட்டியைப் பொறுத்தவரை லண்டனுக்கே சாதகம். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று அமர்வுகள் உண்டு. ஒவ்வொன்றும் மூன்று வாரம். ஜூன் நடுவில் தொடங்கும் முதல் அமர்வில் சேர்ந்தால் நம் பருவத்தின் தொடக்க வகுப்புகளை மட்டுமே இழக்க நேரிடும். ஹைடல்பெர்க் படிப்போ பருவத்தின் நடுவே ஒரு மாதத்தை அப்படியே விழுங்கிவிடும். 75 விழுக்காடு வருகை கட்டாயமாக உள்ள கல்லூரியில், துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வமான அனுமதியைப் பெறாமல் ஆகஸ்ட் பயணத்துக்கு முன்பணம் கட்டுவது அறிவுடைமை ஆகாது. இறுதியாண்டை முடித்துவிட்டவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

லண்டனுக்கான ஆயத்தம் பெரும்பாலும் பணத்தைச் சார்ந்தது. ஒரு பாடத்துக்கான கட்டணமே இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டும். தங்குமிடம், உணவு, விமானச் சீட்டு எல்லாம் அதற்கு மேல். கல்வி வழியில் செய்ய வேண்டிய ஆயத்தம் ஒன்றுதான்: மூன்று வாரத்துக்குள் ஏறத்தாழ 36 மணி நேர விரிவுரையும் அதற்குத் துணையான சிறு குழு வகுப்புகளும் முடிந்து தேர்வும் வந்துவிடுவதால், பாடத்தின் வாசிப்புப் பட்டியலை இங்கிருந்தே பாதியாவது படித்துவிட்டுப் போக வேண்டும். அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர் முதல் வாரத்திலேயே பின்தங்கிவிடுவார்.

ஹைடல்பெர்க்குக்கான ஆயத்தம் வேறு வகையானது. ஒரு சொல்கூடத் தெரியாமல் போய் ஒரு மாதத்தில் ஜெர்மன் கற்றுத் திரும்புவது என் பார்வையில் வீண்செலவு. அந்த ஒரு மாதம் கடைக்காரரிடம் ரொட்டி வாங்கப் பழகுவதிலேயே கரைந்துவிடும். சென்னை நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அறிந்திருக்கும் கோத்தே நிலையத்திலோ வேறு நல்ல ஆசிரியரிடமோ ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின் தொடக்கப் படிகளான ஏ1, ஏ2 ஆகிய இரண்டு நிலைகளையும் முடித்துவிட்டுச் செல்பவருக்கே அந்த மாதம் பலன் தரும். ஏ2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. நம் மாணவர்கள் இலக்கணத்தில் எளிதாக மதிப்பெண் எடுத்துவிடுகிறார்கள். ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே ஓர் ஆண்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட், கோடைப் படிப்புகளுக்கு உதவித்தொகை வழங்குகிறது; அதற்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் டிசம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவது வழக்கம், மொழித் தேர்ச்சிக்கான சான்றும் கேட்பார்கள். பொங்கலுக்குப் பிறகு விசாரிக்க வருபவரிடம் அடுத்த ஆண்டைப் பற்றித்தான் பேச முடியும்.

விசா விஷயத்தில் இரண்டு நாடுகளும் வெவ்வேறு குணம் கொண்டவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்குப் பிரிட்டனின் பார்வையாளர் விசாவே போதும். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 127 பவுண்டாக உயர்ந்தது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்னதாகத்தான் விண்ணப்பிக்க முடியும். இவ்வளவு தொகை வங்கியில் இருக்க வேண்டும் என்று விதி எதுவும் சொல்வதில்லை, அதுவே சிக்கல். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர் ஒருவரின் தந்தை, விண்ணப்பிப்பதற்குப் பத்து நாள் முன்பு உறவினரிடம் நான்கு லட்சம் கைமாற்றாக வாங்கி மகன் கணக்கில் போட்டார். ஆறு மாதமாகச் சில ஆயிரங்களைத் தாண்டாத கணக்கில் திடீரென்று வந்த அந்த ஒற்றை வரியைக் காட்டியே விசா மறுக்கப்பட்டது. “சார், பணம் இருக்கிறதைத்தானே காட்டினோம்” என்று அவர் என்னிடம் கேட்டார். பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். தந்தையின் சம்பளக் கணக்கையே அப்படியே காட்டி, அவர் செலவை ஏற்பதாகக் கடிதம் கொடுத்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவே ஜெர்மனிக்கும் வேண்டும்; அதில் விதிகள் வெளிப்படையானவை. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2024 ஜூனில் கட்டணம் 90 யூரோ ஆனது. ஆனால் படிப்புக்காகச் செல்லும் மாணவர்களுக்கு அந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு உண்டு என்பதைப் பலரும் அறிவதில்லை. ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம் என்றாலும் சுற்றுலாப் பருவத்தில் நேர்காணல் நாள் கிடைப்பது அரிது. மறுக்கப்பட்டால் முன்பெல்லாம் தூதரகத்திடம் மறுபரிசீலனை கோரலாம். 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி அந்த வழியை மூடிவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் செல்ல வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தலைவலி நம் பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் ‘செ. கார்த்திக்’, கடவுச்சீட்டில் ‘கார்த்திக் செல்வம்’ என்று விரிவு, சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமை. சேர்க்கைக் கடிதம், விமானச் சீட்டு, காப்பீடு ஆகிய மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, பெயர் வர வேண்டும். முதல் விண்ணப்பத்தைச் சான்றிதழைப் பார்த்து நிரப்பினால் அந்தத் தவறு கடைசி வரை கூடவே வரும்.

மூட்டை கட்டுவதில் பெரிய வேறுபாடு இல்லை. பருப்புப் பொடிக்குத் தடையில்லை. நெய்யும் பால்கோவாவும் இரண்டு இடத்திலும் கூடாது, பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுவர அங்கே தடை. நம் கைப்பேசி சார்ஜரின் மெல்லிய இரட்டை முனை ஜெர்மனியில் நேராகப் பொருந்தும்; லண்டனுக்கு அடாப்டர் வேண்டும். லண்டனில் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் விட்டுவிடுகிறார்கள். அது தவறு, பார்வையாளர் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் கட்டணம் ஒன்றரை மடங்காக வசூலிக்கப்படும்.

சிங்கப்பூரையும் சிலர் கேட்பார்கள். நான்கு மணி நேரப் பயணம், தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, 30 நாளுக்குள் முடியும் படிப்புக்கு மாணவர் அனுமதிச்சீட்டும் தேவையில்லை. முதன்முறையாகத் தனியே வெளிநாடு செல்லும் பிள்ளைக்கு அது நல்ல தேர்வு. ஆயத்தம் குறைவு என்பதால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

பொருளியல், நிதி, சட்டம் படிப்பவர், வீட்டில் பணத்துக்கு நெருக்கடி இல்லாதவர், அங்கேயே முதுகலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உள்ளவர் என்றால் லண்டனை எடுக்கலாம். அங்கே எடுத்த மதிப்பெண் அந்த விண்ணப்பத்தில் பேசும். மற்றவர்களுக்கு, குறிப்பாகப் பொறியியல் மாணவர்களுக்கு, நான் ஹைடல்பெர்க்கையே சொல்வேன். விசா மறுக்கப்பட்டால் லண்டன் ஆயத்தத்தில் மிஞ்சுவது ஒரு வங்கி அறிக்கையும் பாதி படித்த பாடமும். ஜெர்மன் ஆயத்தத்தில் ஏ2 சான்றிதழ் கையில் இருக்கும். அதற்கு மேல் பி1 வகுப்பில் அடுத்த மாதமே சேரலாம்.