320 டெராபைட் வாங்கினால் 72 கையில்: சாலிகிராமத்தில் செஃப் ஓட்டிய அனுபவம்

செஃப் (Ceph) என்ற சேமிப்பு மென்பொருளைப் பற்றி விசாரிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அதை நிறுவுவது எப்படி என்றுதான் கேட்கிறார்கள். நிறுவுவது இப்போது ஒரு மதிய வேலை. 2020இல் வந்த ஆக்டோபஸ் பதிப்போடு செஃப்ஏடிஎம் என்ற கருவி சேர்ந்த பிறகு, முதல் சர்வரில் ஒரு கட்டளை, மற்ற சர்வர்களைச் சேர்க்க ஆளுக்கொரு கட்டளை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அதோடு குடித்தனம் நடத்துவதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. இந்தப் பதிவு அதற்காக.

நான் வேலை பார்ப்பது சாலிகிராமத்தில் ஒரு போஸ்ட் புரொடக்‌ஷன் கம்பெனியில். எடிட்டிங், டி.ஐ. (படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வேலை), கொஞ்சம் வி.எஃப்.எக்ஸ். படப்பிடிப்பிலிருந்து தினமும் புட்டேஜ் வந்து இறங்கும். 4கே ரா ஃபைல் என்றால் ஒரு மணி நேரக் காட்சிக்கே ஒரு டெராபைட்டைத் தொட்டுவிடும். முன்பெல்லாம் படத்துக்கு ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தோம். எந்தப் படத்தின் எந்த ஷெட்யூல் எந்தப் பெட்டியில் என்பது ஒரே ஒருவர் தலையில் இருந்தது. அவர் லீவு போட்டால் வேலை நின்றது. அப்படித்தான் செஃப் வந்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பல சர்வர்களில் இருக்கும் டிஸ்க்குகளை ஒன்றாக்கி ஒரே சேமிப்பிடமாகக் காட்டும் திறந்த மூல மென்பொருள் இது. கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வெயில் தன் முனைவர் பட்ட ஆய்வில் தொடங்கியது. அதன் முக்கியக் கட்டுரை 2006இல் வந்தது. அவர் தொடங்கிய இங்க்டேங்க் கம்பெனியை 2014இல் ரெட் ஹேட் சுமார் 17.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் போன்ற இடங்களில் பெட்டாபைட் கணக்கில் ஓடுகிறது. எந்த ஃபைல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று பார்க்க நடுவில் ஒரு பெரிய அட்டவணை கிடையாது. க்ரஷ் என்ற கணக்கைப் போட்டு, கேட்கிற கணினியே இடத்தைக் கண்டுபிடித்துவிடும். அதனால் 'இந்தப் பெட்டி போனால் எல்லாம் போச்சு' என்கிற தலைமைப் பெட்டி எதுவும் இல்லை.

எங்களிடம் 5 சர்வர்கள். ஒவ்வொன்றிலும் 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் எட்டு. ஆக 40 டிஸ்க், 320 டெராபைட். 'இதுல எவ்ளோ நமக்கு?' என்று அக்கவுண்ட்ஸ் சார் கேட்டார். மொத்தப் புராஜெக்டிலேயே கஷ்டமான வேலை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுதான்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று பிரதி, மூன்றும் வெவ்வேறு சர்வர்களில். இதுதான் இயல்பான அமைப்பு. அங்கேயே 320 என்பது 106 சொச்சமாகிவிடும். அப்புறம், செஃப்பில் எந்த டிஸ்க்கும் 85 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை வரும். 90இல் சீரமைப்புத் தரவை (போன டிஸ்க்குக்குப் பதிலாக மீண்டும் எழுதும் பிரதியை) அந்த டிஸ்க்குக்குள் வாங்க மறுக்கும். 95இல் எழுதுவதே நின்றுபோகும். இது மொத்தத்தின் சராசரி இல்லை. ஒரே ஒரு டிஸ்க் 95ஐத் தொட்டாலே போதும், எடிட்டர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஒரு சர்வர் முழுசாகப் படுத்துவிட்டால் அதில் இருந்ததை மற்ற நான்கும் தாங்க வேண்டும், தாங்கிய பிறகும் 85ஐத் தாண்டக் கூடாது. ஐந்தில் நான்கு பங்கு, அதில் 85 சதவீதம் என்றால் 68. அதாவது சாதாரண நாளில் 68 சதவீதத்துக்கு மேல் நிரப்பவே கூடாது. 320இல் 68 சதவீதம் 217. அதை மூன்றால் வகுத்தால் 72 டெராபைட்.

'தம்பி, பில்லு 320க்கு, சரக்கு 72க்கா?' என்றார் அவர். நியாயமான கேள்விதான். போதாக்குறைக்கு டாஷ்போர்டில் 320க்குப் பதில் 291 என்று காட்டியது. கடைக்காரர் ஆயிரத்தால் பெருக்குகிறார், செஃப் 1024ஆல் பெருக்குகிறது. அந்த 29 எங்கே போனது என்று விளக்கத் தனியாக ஒரு டீ குடிக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் இத்தனை காலம் ஓட்டியதில் நான் கண்டது, செஃப்பில் நாம் காசு கொடுத்து வாங்குவதே அந்தக் காலியிடத்தைத்தான். அது இருக்கிறவரை டிஸ்க் போனாலும் சர்வர் போனாலும் பதறாமல் மறுநாள் காலையில் வந்து பார்க்கலாம். அது தீர்ந்துபோனால் எந்தத் திறமைசாலி அட்மின் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. எங்கள் இடத்தில் இது அடிக்கடி உரசும், ஏனென்றால் ரிலீஸ் நெருங்கும் படம் எதையும் அழிக்க விடாது. அழித்தாலும் இடம் உடனே திரும்பி வராது. அழிப்பு பின்னணியில் மெதுவாக நடக்கும். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைப்பது) எடுத்து வைத்திருந்தால் அதைத் தூக்கும்வரை இடம் விடுபடவே விடுபடாது. 'டிலீட் பண்ணிட்டேன் ப்ரோ, ஏன் இன்னும் ஃபுல்னு காட்டுது?' என்று எடிட்டிங் ரூமிலிருந்து வாரத்துக்கு ஒரு குரலாவது வரும்.

டிஸ்க் போவதைப் பொறுத்தவரை முழு மார்க். பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டிய பழைய ரெய்டு பெட்டியில் ஒரு டிஸ்க் போனால் புது டிஸ்க் ஒன்றே ஒன்று எல்லாத் தரவையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 8 டெராபைட் என்றால் அது முடிகிறவரை வயிற்றில் புளி கரைக்கும். செஃப்பில் போன டிஸ்க்கின் தரவை மிச்சமுள்ள டிஸ்க்குகள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்து எழுதிக்கொள்கின்றன. ஒரு டிஸ்க் பேச்சுமூச்சில்லாமல் 10 நிமிஷம் இருந்தால் இந்த வேலை தானாகவே தொடங்கும்.

அந்தப் பத்து நிமிஷம்தான் சென்னையில் கவனிக்க வேண்டிய விஷயம். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் யூ.பி.எஸ். பேட்டரி மாற்றவோ ஒரு சர்வரை இடம் மாற்றவோ நினைத்தால், முதலில் நோஅவுட் என்ற கொடியை, அதாவது 'காணோம் என்று தரவை இடம் மாற்றாதே' என்ற அமைப்பைப் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் சர்வர் திரும்பி வருவதற்குள் பல டெராபைட் தரவு இடம்பெயரத் தொடங்கிவிடும். வேலை முடிந்ததும் கொடியை எடுக்கவும் வேண்டும். அது இருக்கிறவரை நிலவரம் ஹெல்த் வார்ன் என்று மஞ்சளாகவே இருக்கும், மஞ்சளைப் பார்த்துப் பார்த்து எல்லாருக்கும் பழகிவிடும், பிறகு நிஜமான எச்சரிக்கை வரும்போதும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கதை வேறு. மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் ஓடியது. ஆனால் தெருவில் தண்ணீர், டீசல் கேன் வந்து சேர வழியில்லை. டீசல் தீர்வதற்குள் மொத்தத்தையும் முறையாக நிறுத்திவிட முடிவு செய்தோம். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எடிட் சிஸ்டங்களும், அவற்றுக்கு ஃபைல்களைப் பகிரும் சாம்பா சர்வரும் தொடர்பை விட வேண்டும். பிறகு நோஅவுட், நோரெக்கவர், நோரீபேலன்ஸ், நோபேக்ஃபில், நோடவுன், பாஸ் என்று எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் கொடிகள். அப்புறம் டிஸ்க் சர்வர்கள், கடைசியாக மானிட்டர் (திரை இல்லை, சர்வர்களின் நிலவரத்தைக் கவனிக்கும் செஃப்பின் பகுதி) இருக்கும் சர்வர்கள். திரும்ப ஏற்றும்போது மானிட்டர்கள் முதலில். இதை அச்சடித்து ரேக் கதவில் ஒட்டி வைத்திருந்தோம். மொபைல் டவர்கூட இல்லாத நேரத்தில் அந்தத் தாள்தான் கைகொடுத்தது.

மின்சாரம் திரும்பியது, இன்டர்நெட் திரும்பவில்லை. சர்வர்களை ஏற்றியதும் மானிட்டர்கள் ஒன்றோடொன்று மணி சண்டை போட ஆரம்பித்தன. மானிட்டர்களுக்கு இடையே நேர வித்தியாசம் 0.05 விநாடியைத் தாண்டினாலே செஃப் புகார் சொல்லும். நேரத்தைச் சரிபார்க்க வெளியே போக வழியில்லாததால் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருந்தார்கள். சர்வர்களில் ஒன்றையே நேரம் சொல்லும் சர்வராக்கி, மற்றவை அதைப் பார்க்கும்படி க்ரோனி என்ற நேரம் சரிபார்க்கும் மென்பொருளில் மாற்றியதும் அடங்கிவிட்டது. அந்த அமைப்பை இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறோம். ஒரு ஃபைல்கூடச் சேதமில்லை.

இனி குறைகள். முதல் குறை வேகம். செஃப் கூட்டமாக வேலை செய்யும்போது அசத்தும், தனி ஆளுக்கு அப்படி இல்லை. பத்துப் பேர் ஒரே சமயத்தில் புட்டேஜ் காப்பி செய்தால் 10 கிகாபிட் நெட்வொர்க்கை நிரப்பிவிடும். ஒரே ஒரு கலரிஸ்ட் 4கே ரா ஃபைலைத் தடங்கலில்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால், ஹார்ட் டிஸ்க்குகளை வைத்து ஓடும் செஃப் திணறும். ஒவ்வொரு முறை எழுதும்போதும் தரவு மூன்று சர்வர்களில் பதிந்த பிறகுதான் 'ஆச்சு' என்ற பதில் வரும், அந்தத் தாமதத்தை எந்த அமைப்பு மாற்றமும் அடியோடு போக்காது. அதனால் டி.ஐ. அறையில் என்.வி.எம்.இ. என்ற வேகமான டிஸ்க் தனியாக வைத்து, வேலை நடக்கிற ரீலை மட்டும் அங்கே இறக்கிக்கொள்கிறோம். இதை வாங்குவதற்கு முன்பே உங்கள் கலரிஸ்டிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எஸ்.எஸ்.டி. ஹார்ட் டிஸ்க்குகளின் உள்கணக்கை வைத்திருக்க சர்வருக்கு இரண்டு எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறோம், நான்கு டிஸ்க்குக்கு ஒன்று. ரிச்சி தெருவில் லேப்டாப்புக்கு வாங்கும் ரகம் இதற்கு ஆகாது. மின்சாரம் போனால் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் அதில் இருக்காது. அதனால் செஃப் ஒவ்வொரு முறையும் 'நிஜமாகவே எழுதிட்டியா?' என்று உறுதி கேட்கும்போது விளம்பர வேகமெல்லாம் காணாமல் போய்விடும். அந்தக் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் ரகம்தான் வேண்டும். விலை கூடுதல்தான், வேறு வழியில்லை. அதில் ஒரு எஸ்.எஸ்.டி. போனால் அதை நம்பியிருக்கும் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவகத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். டிஸ்க்குக்கு 4 ஜி.பி. என்பது இயல்பான அளவு, சீரமைப்பு நடக்கும்போது அதையும் மீறும். எட்டு டிஸ்க் சர்வருக்கு 64 ஜி.பி.க்குக் கீழே போகாதீர்கள்.

ஆழச் சோதனை என்று ஒன்று வாரம் ஒருமுறை எல்லாத் தரவையும் படித்து மூன்று பிரதிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். நல்ல விஷயம்தான், ஆனால் டிஸ்க்கைக் கடைந்தெடுத்துவிடும். எல்லாரும் இரவில் ஓடவிடச் சொல்வார்கள். சினிமாக்காரர்களுக்கு ராத்திரிதான் பகல். நாங்கள் விடியற்காலை 5 முதல் பகல் 12 வரை வைத்திருக்கிறோம். நேரத்தை இதற்கும் கீழே குறுக்கினால் சோதனை பாக்கி என்ற எச்சரிக்கை குவியும்.

செஃப்ஏடிஎம்மில் ஒரு எச்சரிக்கை. கிடைக்கிற எல்லா டிஸ்க்கையும் எடுத்துக்கொள் என்ற வசதியான அமைப்பு ஒன்று உண்டு. அதை அப்படியே விட்டுவைத்தால், வேறு எதற்காகவோ நீங்கள் சொருகும் வெற்று டிஸ்க்கையும் தானாக விழுங்கிவிடும். நிறுவி முடித்ததும் அதை நிறுத்திவிடுவது நல்லது.

பதிப்பு மாற்றுவது வியக்கும்படி சுலபம். ஒரு கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு பகுதியாகத் தானே மாற்றிக்கொண்டு போகும், எடிட்டர்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் புதுப் பதிப்பு வந்த அன்றே தாவுகிற ஆள் நான் இல்லை. 2021 நவம்பரில், பழைய பதிப்பிலிருந்து பசிஃபிக் பதிப்புக்கு மாறினால் தரவு கெட வாய்ப்புண்டு, மாறாதீர்கள் என்று செஃப் குழுவே அறிவித்தது. அதன் 16.2.7 திருத்தத்தில் சரிசெய்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் சில திருத்தங்கள் வந்த பிறகுதான் கை வைக்கிறோம்.

மூன்று பிரதி இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று புரொடியூசர் தரப்பில் கேட்பார்கள். ஃபோல்டரை ஒருவர் அழித்தால் மூன்று பிரதியிலிருந்தும்தான் அழியும். முடிந்த படங்கள் எல்.டி.ஓ. என்ற காந்த நாடா டேப்புக்குப் போகின்றன, டேப் வேறு கட்டடத்தில் இருக்கிறது. இதில் பேரமே கிடையாது.

யாருக்கு இது வேண்டாம்? இரண்டு மூன்று எடிட்டர்கள், 50 டெராபைட்டுக்குள் வேலை என்றால் நல்ல நாஸ் ஒன்றும் அதற்கு ஒரு பேக்கப்பும் போதும். மூன்று சர்வரில் செஃப் ஓடும், பலரும் ஓட்டுகிறார்கள். ஆனால் மூன்று பிரதிக்கு மூன்றே சர்வர் என்றால், ஒன்று போனபின் மூன்றாவது பிரதியை வைக்க இடமே இல்லை. அந்த சர்வர் திரும்பும்வரை அரைகுறையாகத்தான் நிற்கும். ஆள் விஷயமும் அப்படித்தான். இதைத் தெரிந்தவர் கம்பெனியில் ஒருவர் மட்டும் இருந்தால், பழைய நாஸ் பெட்டிக் கதைக்கே திரும்பி வந்த மாதிரி. என்னோடு இப்போது ஒரு தம்பி இருக்கிறான். டிஸ்க் மாற்றுவதெல்லாம் அவன்தான், நான் பக்கத்தில்கூட நிற்பதில்லை.

இப்போது இன்னும் இரண்டு சர்வருக்குக் கொட்டேஷன் போட்டிருக்கிறோம். ஏழு சர்வர் ஆனால் பெரிய ஃபைல்களுக்கு மூன்று பிரதிக்குப் பதிலாக எரேஷர் கோடிங் பயன்படுத்தலாம். ஃபைலை நான்கு துண்டாக்கி இரண்டு காப்புத் துண்டு சேர்ப்பது, அதாவது 4+2. ஒரு டெராபைட்டுக்கு மூன்று டெராபைட் பிடித்த இடத்தில் ஒன்றரை போதும். ஆறு துண்டும் ஆறு சர்வரில் இருக்கும், ஒரு சர்வர் போனால் ஏழாவதில் சரிசெய்துகொள்ளும். ஐந்து சர்வரில் இது நடக்காது. புட்டேஜ் எல்லாம் அதில் போனால், 448 டெராபைட்டில் ஏழில் ஆறு பங்கு, அதில் 85 சதவீதம், அதை ஒன்றரையால் வகுத்தால் சுமார் 217 வரும். இருப்பதுபோல் மூன்று மடங்கு. சின்னச் சின்னதாக அடிக்கடி எழுதும் வேலைக்கு இது மெதுவாக இருக்கும் என்பதால் புராஜெக்ட் ஃபைல்களும், செஃப்பின் ஃபைல் சிஸ்டமான செஃப்எஃப்எஸ்ஸின் மெட்டாடேட்டாவும் (ஃபைல் பெயர், ஃபோல்டர் போன்ற விவரங்கள்) பழையபடி மூன்று பிரதியில்தான். பழைய புட்டேஜ் தானாக மாறாது, புதுப் பூலுக்கு (செஃப்பில் தனி சேமிப்புப் பிரிவு) ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்ய வேண்டும். இந்த முறை அக்கவுண்ட்ஸ் சார் கேட்பதற்கு முன்பே 448, 217 இரண்டையும் கொட்டேஷனின் முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, 'இது பரவாயில்லையே' என்றார். கையெழுத்து இன்னும் ஆகவில்லை.