ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்: தொட்டி வரை நன்று, எல்லை மாறினால் சிக்கல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் தரும் சேவை என்ற அளவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் எடுத்த திட்டம், 2013ல் பயன்பாட்டுக்கு வந்தது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004லேயே தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும், திட்டத்தை இரண்டாக வெட்டவில்லை. அது சரியான முடிவு. அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடைத் தவிர்ப்பதே திட்டத்தின் நோக்கம்; ஆழ்துளைக் கிணற்றில் அது வரக் காரணமான பாறை இரு பக்கமும் ஒன்றுதான்.

பாராட்ட வேண்டியது ஏற்றம். ஒகேனக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 250 மீட்டர், ஓசூர் ஏறத்தாழ 880 மீட்டர். சுத்திகரித்த நீரை 600 மீட்டருக்கு மேல் கட்டம் கட்டமாக மோட்டார் வைத்துத் தள்ள வேண்டும். நடுவில் ஒரு நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனாலும், அதற்கு மேலே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தள்ளிப்போகும். கடைக்கோடி ஊர்களில் தண்ணீர் முறை தவறுவதற்கு இது ஒரு காரணம்.

குறை தொடங்குவது தொட்டிக்குப் பிறகு. குடிநீர் வடிகால் வாரியம் உள்ளாட்சியின் தொட்டி வரை கொடுத்து, கிலோலிட்டர் கணக்கில் கட்டணம் கேட்கிறது. தெருக் குழாய், வால்வு, வீட்டு இணைப்பு எல்லாம் ஊராட்சி அல்லது நகராட்சியின் பொறுப்பு. காவிரி நீர் குறையும் நாளில் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரை அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள ஆற்று நீரும் 3 மில்லிகிராம் உள்ள போர் நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் 1.75 ஆகிவிடும். இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 1.0, மாற்று வழியே இல்லாத இடத்துக்கு உச்சம் 1.5. கலப்புக்கு இடம் கொடுத்தால் திட்டத்தின் நோக்கமே கெட்டுவிடும். போர் நீருக்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வைப்பதுதான் தீர்வு.

நகர எல்லை விரியும்போது இந்தக் குறை பெரிதாகிறது. ஓசூர் நகராட்சியோடு மத்திகிரி, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி பகுதிகள் சேர்ந்தன; 2019ல் அது மாநகராட்சியானது. தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகளை ஒட்டியும் வீட்டுமனைகள் பெருகிவருகின்றன. ஊரகத்துக்கு ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135. பத்தாயிரம் பேர் உள்ள ஊராட்சி நகரத்தோடு இணைந்து பாதாளச் சாக்கடையும் வந்தால், தேவை 5.5 லட்சம் லிட்டரிலிருந்து 13.5 லட்சமாக உயரும். கிளைக் குழாயின் விட்டமும் அதன் வால்வில் வைத்த அளவும் பழையபடியே இருக்கும். மீதி 8 லட்சத்துக்கு மறுபடி போர்தான். வரி நகரத்துக்குரியதாகவும் தண்ணீர் கிராமத்துக்குரியதாகவும் நின்றுவிடும். ஊரை நகரத்தோடு இணைக்கும் அரசாணையோடு வாரியத்தின் ஒதுக்கீட்டையும் திருத்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தொழிற்பேட்டைகளை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட் வேறு மாதிரி. தொழிற்பேட்டைக்குள் சாலை, தண்ணீர் எல்லாவற்றையும் அதுவே பார்த்து, மனைதாரர்களிடம் கட்டணம் வாங்குகிறது. தொழில் நிறுவனமே நகராட்சிச் சேவைகளைத் தரும் இடத்தைத் தொழில் நகரியமாக அறிவித்து, நகராட்சி அமைக்காமல் விட அரசியலமைப்பின் 243கியூ பிரிவு ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. ஆலைகளுக்கு அது வசதி. ஆனால் தொழிலாளர்கள் குடியிருப்பது வெளியே. அவர்களுக்குக் குழாய் போடும் செலவு பக்கத்து உள்ளாட்சியின் தலையில் விழும். இதை ஒரே மேசையில் பேச வேண்டிய இடம் மாவட்டத் திட்டக் குழு. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தண்ணீரைப் பகிர்வதைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்கிறது 243இசட்டி பிரிவு. அந்தக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலிருந்தே வர வேண்டும். உங்கள் ஊர் இணையப்போகிறது என்றால் அந்தக் குழுவின் உறுப்பினரிடம் முதலில் போங்கள்.

நகரத்தோடு இணைந்து ஊராட்சி கலையும் முன்பே தொட்டிகளின் கொள்ளளவு, குழாய் விட்டம், போர்களின் ஆழம், மோட்டார்களின் மின் இணைப்பு எண், மின்கட்டண பாக்கி, வீட்டு இணைப்பு முன்வைப்புத் தொகை ஆகியவற்றைப் பட்டியலாக எழுதிக் கிராம சபையில் பதிவு செய்ய வைக்க வேண்டும். பட்டியல் இல்லாமல் ஒப்படைத்தால் பாக்கி யாருடையது என்ற வழக்கில் பழுதடைந்த மோட்டார் கிடப்பில் கிடக்கும். வீட்டுக்காரர்கள் முன்வைப்புத் தொகை ரசீதையும் கடைசிக் குடிநீர்க் கட்டண ரசீதையும் பத்திரமாக வைக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் புது இணைப்பாகக் கணக்கிட்டு மறுபடி பணம் கேட்க இடமுண்டு.

தண்ணீரைச் சோதிக்க, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் மாதிரி எடுங்கள். ஃபுளோரைடுக்குக் கண்ணாடிப் பாட்டில் ஆகாது. காவிரி நீர் வரும் நாளில் ஒன்று, போர் ஓடும் நாளில் ஒன்று எனத் தனித்தனியே எடுத்து, இடம், தேதி, நேரம் எழுதி வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது; நீர் ஆவியாக ஆவியாக அதன் அடர்த்தி கூடும்.