சபையில் பாட்டு வரிகளைத் திரையில் போட: ஓப்பன்எல்பியா, ஓப்பன்சாங்கா, ஃப்ரீஷோவா?

பிரசங்கம் முடிந்த கையோடு ஆயர், "அந்தப் பாட்டு வேண்டாம் தம்பி, கீர்த்தனை 27 பாடுவோம்" என்பார். ஆர்மோனியக்காரர் சுருதி பிடிப்பதற்குள் பல்லவி திரையில் வந்தாக வேண்டும். ப்ரொஜெக்டர் மேசையில் உட்காருகிறவனுக்கு மென்பொருளின் மற்ற பெருமையெல்லாம் இதற்கு அப்புறம்தான். மூன்றையும் அந்த மேசையில் உட்கார்ந்தே பார்த்தேன்.

மூன்றும் இலவசம், யாரும் மாற்றலாம், பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் மூல நிரலோடு கிடைப்பவை. சந்தா கட்டி, இதே வேலைக்கான கட்டண மென்பொருளான புரோபிரசென்டரை வாங்க முடியாத சபைகளுக்கு இவைதான் வழி.

முதலில் ஓப்பன்எல்பி. 2004இல் விண்டோஸுக்கு மட்டும் தொடங்கியது. தன்னார்வலர்கள் அதைப் பைத்தான் நிரல்மொழியிலும், திரை வடிவமைப்புக்கான க்யூட்டியிலும் முழுக்கத் திரும்ப எழுதி, 2012இல் 2.0ஆக வெளியிட்டார்கள். இப்போது லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடுகிறது. எனக்கு இதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: ஒவ்வொரு பாட்டிலும் பாட்டுப் புத்தகத்தின் பெயரையும் எண்ணையும் பதிந்து வைத்து, அதை வைத்தே தேடலாம். நம் சபைகளில் பாட்டை முதலடி சொல்லிக் கேட்பதைவிட எண் சொல்லிக் கேட்பதுதான் அதிகம். பாமாலை ஒரு புத்தகம், கீர்த்தனை ஒரு புத்தகம் என்று பிரித்துவிட்டால், ஆயர் வாயிலிருந்து எண் வந்ததும் பாட்டு கையில்.

ஆனால் இது இங்கிலீஷ் பாட்டை மனத்தில் வைத்துச் செய்தது. பல்லவி, அனுபல்லவி என்ற பேச்சே கிடையாது. பல்லவியை கோரஸ் என்றும், அனுபல்லவியை ப்ரீ-கோரஸ் என்றும், சரணங்களை வெர்ஸ் என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வரிசைக் கட்டத்தில் C1 P1 V1 C1 V2 C1 என்று (C கோரஸ், P ப்ரீ-கோரஸ், V வெர்ஸ்) அடித்தால், ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி தானாக வந்து நிற்கும். முதல் நாள் இது தெரியாமல் ஒரே பல்லவியை ஐந்து தடவை தட்டச்சு செய்தேன்!

ஓப்பன்சாங்கின் கதை வேறு. தோற்றம் பழசு, புதிய வெளியீடு அபூர்வம். ஆனால் ஒவ்வொரு பாட்டும் எக்ஸ்எம்எல் என்ற வெறும் எழுத்து வடிவில் ஒரு தனிக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். புள்ளியில் தொடங்கும் வரி கிட்டாருக்கான கார்டு (chord), அதன் கீழே இடைவெளி விட்டுத் தொடங்குவது பாட்டு வரி, அவ்வளவுதான். கிட்டார் வாசிக்கிற பையனுக்கு சுருதி மாற்றித் தாள் எடுத்துக்கொடுக்க இதுவே போதும். நாளைக்கு இந்தத் திட்டமே நின்றுபோனாலும் பாட்டுகள் எங்கும் போகாது. மற்ற இரண்டும் இந்தக் கோப்புகளை இறக்கிக்கொள்கின்றன.

ஃப்ரீஷோ மூன்றிலும் இளசு, பார்க்கவும் அழகு. ஒரே பாட்டுக்குப் பல அடுக்குமுறைகள் வைக்கலாம்: ஞாயிறு ஆராதனைக்கு முழுப்பாட்டு, திருவிருந்து நேரத்துக்கு இரண்டு சரணம் மட்டும். ஆலயத் திரையில் பெரிய எழுத்தும், யூடியூப் நேரலையில் அடிப்பகுதியில் இரண்டு வரியுமாக ஒரே நேரத்தில் வெவ்வேறாகக் காட்டும். ஓப்பன்எல்பியில் இதே வேலைக்கு ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளைக் கூட்டுச் சேர்க்க வேண்டும். சரி, குறை என்ன? ஓர் உலாவியையே உள்ளே வைத்து ஓடும் எலக்ட்ரானில் கட்டியது, நினைவகம் கேட்கும். எங்கள் 4 ஜிபி மடிக்கணினியில் பின்னணி வீடியோ போட்டதும் சரணம் மாற ஒரு மூச்சு தாமதமானது. சபையார் அடுத்த வரியைப் பாடிவிட்டார்கள், திரை பின்னால் வந்தது.

அதனால் நேரலை நடத்தும், நல்ல கணினி உள்ள சபைக்கு ஃப்ரீஷோ. பழைய கணினியும் எண் சொல்லிப் பாடும் வழக்கமும் இருந்தால் ஓப்பன்எல்பி. எங்கள் சபையில் ஓப்பன்எல்பிதான் ஓடுகிறது. கைப்பேசி உலாவியிலேயே ஸ்லைடை நகர்த்தலாம் என்பதால், பாடகர் குழுத் தலைவி இப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரே நகர்த்திக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் மூன்றுமே செய்து தராது. உங்கள் பழைய பாட்டுகள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்புகளாக இருந்தால், ஒட்டியதும் திரையில் வருவது ஆங்கில எழுத்துக் குப்பைதான். யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்று சனிக்கிழமை போனது.