கடன் நோட்டும் கட்டத் தாளும்: மூன்று வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

கடன் எவ்வளவு அடைந்தது என்று கணக்கு வைக்கத் தேவைப்படுவது இரண்டு பொருள்தான். கோடு போட்ட நீள நோட்டு ஒன்று, சென்டிமீட்டர் கட்டம் அச்சடித்த ஏ4 கிராஃப் தாள் நாலைந்து. பக்கத்து ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். செல்போனில் இதற்கென்று ஆப்கள் உண்டு. ஆனால் "உங்களுக்கு லோன் ரெடி" என்று மெசேஜ் வருவதும் அதே போனில்தான். கணக்கு காகிதத்தில் இருப்பதே நல்லது. மூன்று வருஷம் விடாமல் ஓட்டியதில் இந்த முறையில் எது உழைத்தது, எது பாதியில் காலை வாரியது, ஏன் என்பதை இங்கே எழுதியிருக்கிறது.

நோட்டில் ஒவ்வொரு கடனுக்கும் தனியாக இரண்டு பக்கம். எல்லாக் கடனையும் தேதிவாரியாகக் கலந்து எழுதினால் மாசக் கடைசியில் கூட்டிப் பார்க்கவே மனசு வராது. பக்கத்தில் ஐந்து பத்தி: தேதி, கட்டியது, அதில் வட்டி, அதில் அசல், மீதி அசல். நான்காவது பத்திதான் உயிர்நாடி. கிராஃப் தாளில் ஒரு கட்டம் ஆயிரம் ரூபாய். மூன்று லட்சம் கடன் என்றால் வரிசைக்கு 20 கட்டம், 15 வரிசை. அசல் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு கட்டத்துக்கு மட்டும் வண்ணம் தீட்ட வேண்டும்.

அநேகம் பேர் தவறுவது இந்த இடத்தில்தான். கட்டிய தவணைக்கெல்லாம் வண்ணம் அடித்துவிடுகிறார்கள். மூன்று லட்சம் பெர்சனல் லோன், 14 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசத் தவணை 6,980 ரூபாய் வரும். முதல் மாசம் அதில் 3,500 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 3,480 மட்டும். ஏழு கட்டம் தீட்டினால் அதில் பாதி பொய். ஒரு வருஷம் இப்படியே போனால் தாளில் 84 கட்டம் நிறைந்திருக்கும், உண்மையில் குறைந்தது 44 கட்டம்தான். முன்கூட்டியே முடிக்கலாம் என்று பேங்குக்குப் போனால் 2,55,000-க்கு மேல் பாக்கி என்பார்கள். நோட்டை மூடி வைத்துவிட்டு "என்ன கட்டி என்ன" என்று உட்கார்ந்துவிடுவது அன்றைக்குத்தான். குறைவாகத் தீட்டினாலும் உண்மையைத் தீட்டுங்கள். எந்தத் தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று காட்டும் தவணை அட்டவணையைக் கிளையில் கேட்டால் அச்செடுத்துத் தருவார்கள். அதை நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள்.

ஃபிளாட் ரேட், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி என்று சொல்லிக் கொடுத்த கடனென்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் ஃபிளாட், 24 மாசம் என்றால் வட்டி 24,000, தவணை 5,167. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 21.5 சதவீதம்.

தண்டல் இன்னும் மோசம். கையில் 9,000 கொடுத்துவிட்டு நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். கேட்பதற்கு "ஆயிரம் ரூபாய்தானே" என்றிருக்கும். கணக்குப் போட்டால் மாசத்துக்கு ஆறு வட்டிக்கு மேல் போகிறது.

அசல் அசையாத கடன்

மூணு வட்டிக்கு வாங்கிய ஐம்பதாயிரத்துக்கு மாசம் 1,500 கட்ட வேண்டும். மூன்று வருஷத்தில் 54,000 கட்டி முடித்திருப்பார்கள், ஐம்பதாயிரம் அப்படியே நிற்கும். கட்டத் தாளில் இந்தக் கடனுக்கு ஒரு கட்டம்கூட நிறையாது. மனுஷனை அதிகமாகச் சோர்வடைய வைப்பது பெரிய கடன் இல்லை, இந்த மாதிரி அசையாத கடன்தான். மற்ற கடன்கள் குறைந்தாலும் இது தாளில் வெள்ளையாகவே இருந்து கண்ணை உறுத்தும்.

இதற்கு இரண்டு வழி ஓரளவு பலன் தந்தது. ஐந்தாயிரம், பத்தாயிரமாக அசலைப் பிரித்து வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்பது ஒன்று. ஒத்துக்கொண்டால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் புரோநோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, தேதி போட்டு, அவர் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும். வாய்ப்பேச்சு வரவு ஆகாது. "மொத்தமாக் கொண்டாங்க" என்று பிடிவாதம் பிடித்தால், வீட்டில் மிச்சமிருக்கும் நகையை பேங்கில் வைத்து அந்தக் கடனை ஒரே நாளில் தீர்த்துவிடுவது இரண்டாவது வழி. வட்டி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். ஆனால் புரோநோட்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று செக்கும் கைக்கு வந்த பிறகுதான் பணத்தை எண்ண வேண்டும்.

மிரட்டி வசூலிக்கிறவரிடம் மாட்டியிருந்தால் இந்த நோட்டு போதாது. தமிழ்நாட்டில் கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதல் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். பேங்க், ஃபைனான்ஸ் கம்பெனிகளின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் பேங்க் 2022-லேயே சொல்லிவிட்டது. கடன் நெருக்கடியில் உயிர் மேல் வெறுப்பு வரும் இரவுகள் உண்டு. அப்படி ஒரு இரவு வந்தால் தனியாக உட்கார்ந்திருக்காமல் உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ போன் போட்டுப் பேசுங்கள்.

எதை முதலில் அடைப்பது

சின்னக் கடனில் ஆரம்பிப்பதா, பெரிய வட்டியில் ஆரம்பிப்பதா என்று எப்போதும் ஒரு வழக்கு ஓடும். கணக்குப்படி பெரிய வட்டிதான் முதலில். ஆனால் மூன்று வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் முதல் இரண்டு மாசத்துக்குள் ஏதாவது ஒரு கடன் முழுசாக முடிந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தின் குறுக்கே கோடு அடித்து "முடிந்தது" என்று எழுதுகிற தெம்பு வேறு எதிலும் வராது. ஆகவே இரண்டு மாசத்தில் முடிகிற ஒன்றை, பெரும்பாலும் தண்டல் பாக்கியை, முதலில் முடித்துவிட்டு அப்புறம் வட்டி வரிசைக்கு மாறுவதுதான் நிலைத்தது.

கிரெடிட் கார்டு அடுத்தது. 38,000 பாக்கி, மாசம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,330, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 239. குறைந்தபட்சத் தொகையாக 5 சதவீதம், அதாவது 1,900 கட்டினால் அசலில் குறைவது 331 ரூபாய். ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. கார்டைப் பயன்படுத்திக்கொண்டே கார்டை அடைக்க முடியாது. பெட்ரோலுக்குக்கூடத் தேய்க்கக் கூடாது.

பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக் கடன் விதிவிலக்கு. வட்டி நடுத்தரம்தான் என்றாலும் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற பெண்கள் கையிலிருந்து போடும்படி ஆகிவிடும். தெருவில் முகம் பார்க்க முடியாது. வாரத் தவணையைத் தவறாமல் கட்டிவிட்டு மிச்சத்தை வேறு கடனுக்குத் திருப்புங்கள். கையில் தொகை சேர்ந்து முன்னாலேயே முடித்தால் இந்த மாதிரி நுண்கடனுக்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் பேங்க் விதி.

வட்டியில்லாத கைமாத்தைக் கடைசிக்குத் தள்ளத் தோன்றும். தள்ளினால் கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் போகக் கால் கூசும். மாசம் 500 ஆனாலும் தேதி சொல்லிக் கொடுத்துவருவது உறவைக் காப்பாற்றியது.

நகையைப் பிரித்து வைப்பது

எல்லா உத்திகளிலும் அதிகம் உழைத்தது இதுதான். நகையை மொத்தமாக ஒரே கணக்கில் அடகு வைத்தால் முழுத் தொகையும் கட்டினால்தான் ஒரு மூக்குத்திகூட வெளியே வரும். வைக்கும்போதே, அல்லது வருஷம் முடிந்து மாற்றி வைக்கும்போது, தோடு ஒரு சீட்டு, மோதிரங்கள் ஒரு சீட்டு, செயின் ஒரு சீட்டு, வளையல் ஒரு சீட்டு என்று தனித்தனிக் கடனாகப் போடச் சொல்லுங்கள். மதிப்பீட்டுக் கட்டணம் சீட்டுக்குச் சீட்டு கொஞ்சம் கூடும். ஆனால் ஒன்றரை லட்சம் சேரும்வரை காத்திருக்காமல் 18,000 சேர்ந்ததும் தோடு வீட்டுக்கு வந்துவிடும். அதைக் காதில் போட்டுக்கொண்டு அடுத்த விசேஷத்துக்குப் போகிற அம்மாவோ மனைவியோதான் அடுத்த சீட்டை மீட்க வீட்டையே முடுக்கிவிடுவார்கள். எந்த வண்ணக் கட்டமும் அந்த வேலையைச் செய்யாது.

இதில் ஒரு பொறி உண்டு. மாற்றி வைக்கப் போகும் நாளில் தங்கம் விலை ஏறியிருக்கும். "இன்னும் நாற்பதாயிரம் கிடைக்கும், எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். அந்த வரிசையில் நிற்கும்போது மறுப்பது கஷ்டம். பழைய தொகையையே, முடிந்தால் பத்தாயிரம் குறைத்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப்போய்க் கவுன்ட்டரில் நீட்டிவிடுங்கள். வட்டியையும் வருஷக் கடைசிவரை விடாமல் மாசாமாசம் கட்டினால் மாற்றி வைக்கும் நாளில் கையைப் பிசைய வேண்டியதில்லை.

செய்முறையும் திருவிழாவும்

மதுரைப் பக்கத்தில் கடன் திட்டங்கள் உடைவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவால் அல்ல, செய்முறையால், அதாவது சொந்தக்காரர் விசேஷங்களுக்குச் செய்யும் மொய்யால். வைகாசி, ஆவணி, தை மாச முகூர்த்தங்களும் காதுகுத்துகளும் சேர்ந்து வந்தால் ஒரே மாசத்தில் ஒரு தவணை அளவுக்குப் பணம் வெளியே போகும். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் செய்முறை என்பது வாங்கியதைத் திருப்பிச் செய்வது; "கடன்ல இருக்கோம்" என்று விட்டுவிட முடியாது. சித்திரைத் திருவிழாவுக்கு விருந்தாளிகள், மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயில், ஊர்ப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி, ஜூனில் பள்ளிக்கூடச் செலவு, தீபாவளித் துணி. இவை எதிர்பாராத செலவே இல்லை. தேதி தெரிந்த செலவுகள்.

வீட்டில் இருக்கும் பழைய மொய் நோட்டை எடுங்கள். யார் எவ்வளவு செய்தார்கள், அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, வரும் பன்னிரண்டு மாசத்துக்கு ஒரு தொகை எழுதுங்கள். கோயில், பள்ளி, தீபாவளியையும் கூட்டி 12-ஆல் வகுங்கள். 36,000 வந்தால் மாசம் 3,000 தனிக் கணக்குக்குப் போக வேண்டும். கடனுக்குப் போகும் கூடுதல் தொகை அதனால் குறைந்தாலும் பரவாயில்லை. இந்த 3,000-ஐ ஒதுக்காமல் எல்லாவற்றையும் கடனில் போட்டவர்கள் வைகாசியில் மறுபடி தண்டல்காரரிடம்தான் போய் நிற்கிறார்கள். முடிந்த கடன் பக்கத்தை மறுபடி திறப்பதைப் போல மனசை உடைப்பது வேறு இல்லை.

தாளின் ஆயுசும் மனசின் ஆயுசும்

ஸ்கெட்ச் பேனா வண்ணம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே வருஷத்தில் வெளுத்துவிடுகிறது. கலர் பென்சில் நிற்கிறது. அடுப்படிச் சுவரில் ஒட்டிய தாள் எண்ணெய்ப் பிசுக்கேறிப் பழுத்துப் போகும். செல்லோடேப் அக்னி நட்சத்திர வெயிலில் பசை இளகி உரிந்துவிடும். ஹாலில் ஒட்டினால் வருகிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள். அதற்கு வெட்கப்பட்டே தாளைக் கழற்றிவிடுவீர்கள். கடைசியில் சரிப்பட்டது இரும்பு பீரோ கதவின் உள்பக்கம், நான்கு சின்னக் காந்தம். பணம் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும், வெளியாள் பார்வைக்கு வராது.

நாலாவது மாசத்திலிருந்து எட்டாவது மாசம்வரை ஒரு வறட்சி வரும். முதல் கடன் முடிந்த சந்தோஷம் தீர்ந்திருக்கும், அடுத்தது முடியக் காலம் இருக்கும். அந்த நேரத்தில் ஆயிரம் ரூபாய்க் கட்டத்தை நாலாகப் பிரித்து 250 ரூபாய்க்கு ஒரு கால் கட்டம் தீட்டுவது உதவியது. ஞாயிற்றுக்கிழமைக் கறியை அடியோடு நிறுத்தியது உதவவில்லை. வாரம் ஒரு கிலோவை அரைக் கிலோவாக்கினால் பிள்ளைகள் முகம் சுருங்காது, திட்டமும் ஓடும். வீட்டில் ஒருவர் மட்டும் நோட்டு எழுதி மற்றவரிடம் மறைத்தால் ஆறு மாசம் தாண்டாது. சம்பளம் வந்த அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் எழுதி முடிக்க வேண்டும்.

ஒரு கடன் முடிந்த மறுமாசம்தான் மிகவும் ஆபத்தானது. 3,200 தவணை நின்றதும் அந்தப் பணம் கையில் இருப்பதாகவே தெரியாமல் கரைந்துவிடும். முடிந்த அன்றே, அடுத்த கடனுக்கு அதே தேதியில் அதே 3,200 போகும்படி பேங்கில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு பக்கத்தையும் கோடு அடிக்கும் முன் காகிதம் கையில் இருக்க வேண்டும்: பேங்க், ஃபைனான்ஸ் என்றால் பாக்கியில்லைச் சான்றிதழ், பைக் என்றால் அதோடு ஆர்சி புத்தகத்தில் கடன் குறிப்பு நீக்குவதற்கான படிவம், கார்டு என்றால் மூடியதற்கான கடிதம். "பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்ற சமரசத்துக்கு ஒத்துக்கொண்டால் சிபில் என்கிற கடன் வரலாற்று அறிக்கையில் "செட்டில்டு" என்று பதிவாகும், "குளோஸ்டு" என்று வராது. அடுத்து வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். கடன் முடிந்து இரண்டு மாசம் கழித்து அதை எடுத்துப் பார்த்து, பாக்கி சுழியம் என்று வந்திருந்தால் அந்த அச்சையும் அதே பக்கத்தில் ஒட்டுங்கள். வராவிட்டால் சான்றிதழ் நகலோடு அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணைப் பக்கத்தின் மேல் மூலையில் குறித்து வையுங்கள்.