டிரிபிள் ஃபேஸ் எழுதிக் கொடுத்தார், பெட் சிடி எடுத்துவிட்டார்கள்: 21,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கல்லீரலில் கட்டி இருக்குமோ என்று ஸ்கேனுக்குப் போகிறவர்கள் எதை எடுக்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 64 வயது. ஹெபடைடிஸ் பி, அதனால் வந்த சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்ப்போம். இந்த முறை 2 செ.மீ. அளவில் ஒரு கட்டி மாதிரி தெரிகிறது என்றார்கள். மருத்துவர் சீட்டில் ‘டிரிபிள் ஃபேஸ் சிடி’, அதாவது கல்லீரலை மூன்று கட்டமாக எடுக்கும் சிடி ஸ்கேன், என்று எழுதிக் கொடுத்தார்.

மதுரையில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டர். கவுண்டரில் இருந்த பையன் சீட்டைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டான். “அண்ணே, இது லிவர் பக்கம் மட்டுந்தான் காட்டும். பெட் சிடி எடுத்தா தலையில இருந்து தொடை வரைக்கும் ஒரே நாள்ல தெரிஞ்சிரும். எங்க அப்பாவா இருந்தா நான் அதத்தான் எடுப்பேன்.”

அந்தக் கடைசி வரியில் விழுந்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவா என்றதற்கு, “நாங்க பேசிக்கிறோம்ணே” என்றான். அப்பா வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். விலை கூடினால் விஷயமும் கூடும் என்று நினைக்கிற புத்தி வேறு. 21,500 ரூபாய். அதில் பாதி தங்கை மாப்பிள்ளை அனுப்பியது.

கல்லீரலில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

மூன்று வாரம் கழித்து மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “நான் எழுதின சிடி எங்கே?”

அப்புறம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலுக்கு முக்கால்வாசி ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. ஆனால் சிரோசிஸில் வரும் கல்லீரல் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்து வளர்வது. ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி அரை நிமிடத்தில் எடுத்தால் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். ஒரு நிமிடம் கழித்து, மூன்று நிமிடம் போல் கழித்து எடுத்தால் சுற்றியுள்ள கல்லீரல் வெளுக்கும், கட்டி மங்கிவிடும். அந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் மூன்று கட்டம். பெட் சிடியில் ஏற்றுவது சர்க்கரை மாதிரியான மருந்து. இந்தக் கட்டிகளில் பல அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் வெளியே விட்டுவிடும், அதனால் ஒளிராமலே போகும். கூடவே எடுத்த சிடியும் கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுத்தது. ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பெட் சிடியைக் குறை சொல்லவில்லை, வேறு பல புற்றுநோய்களுக்கு அது பெரிய உதவி. அப்பாவுக்குக் கேட்டது அது இல்லை.

சென்டருக்குப் போனேன். அதே பையன், இப்போது “சார்”. மேனேஜர் லீவு. மறுநாள் மேனேஜர், “நீங்க கையெழுத்து போட்டுத்தானே எடுத்தீங்க?” வாட்ஸ்அப்பில் சீட்டின் படத்தை அனுப்பினேன், இரண்டு நீல டிக், பதில் இல்லை. நான்காம் நாள் ஒரு அம்மா கூப்பிட்டு, அடுத்த ஸ்கேனுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார். 21,500 ரூபாயை வாங்கிக்கொண்டு தள்ளுபடி!

வேறு இடத்தில் டிரிபிள் ஃபேஸ் எடுத்தோம். முதல் கட்டத்தில் பளிச், மூன்றாவதில் மங்கல். சிரோசிஸ் உள்ளவருக்கு இப்படித் தெரிந்தால் புற்றுக்கட்டிதான், உறுதி செய்யத் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சிகூட வேண்டாம் என்றார் மருத்துவர். மூன்று வாரம் வீண்.

விவரமாக எழுத உட்கார்ந்தேன், அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சீட்டில் இருப்பதை மாற்றச் சொன்னால் அங்கேயே மருத்துவருக்குப் போன் போடுங்கள். கான்ட்ராஸ்ட் உண்டா, எத்தனை கட்டம் என்று கேளுங்கள். கான்ட்ராஸ்ட் ஏற்றுவதற்கு முன் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்துவிடுங்கள். சிடியில் தெளியவில்லை என்றால் எம்ஆர்ஐ, அதையும் மருத்துவர் சொல்லட்டும், கவுண்டர் இல்லை.

பில்லும் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இப்படி மனு போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.